சுங்கான் வாய்க்குழல்: எபோனைட், அக்ரிலிக், கொம்பு, அம்பர். எது எதென்று எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

கோட்டையூர் வளவு கேட்டது:

வணக்கம். வீட்டுப் பெட்டகத்தில் நான்கு சுங்கான்கள் (புகையிலைப் பைப்) இருக்கின்றன. மூன்று, ஐயா கொண்டுவிக்க, அதாவது வெளிநாட்டு வியாபாரத்துக்குப் போன காலத்தில் ரங்கூனிலிருந்து வந்தவை. ஒன்று பிற்பாடு பினாங்கிலிருந்து வந்தது. புகைப்பதற்காகக் கேட்கவில்லை. ஒழுங்காகச் சுத்தம் செய்து, இருக்கிறபடி காப்பாற்ற வேண்டும்.

முதலாவது நேர்க்குழல். மரம் நன்றாக இருக்கிறது. வாய்க்குழல் மட்டும் பாசி பிடித்ததுபோல் பச்சையும் பழுப்புமாக இருக்கிறது. நாக்கில் பட்டால் கசக்கிறது. இடையில் வெள்ளிப் பூண் உண்டு, அதுவும் கறுத்துவிட்டது.

இரண்டாவது வெள்ளைக் கல் போன்ற கிண்ணம், தோல் உறையோடு இருக்கிறது. வாய்க்குழல் தேன் நிறத்தில், வெளிச்சம் உள்ளே புகுகிறது. முனீஸ்வரன் கோயில் தெருவில் காட்டியபோது “அம்பர்”, அதாவது கல்லாய் இறுகிய பழங்கால மரப்பிசின் என்றார்கள். பார்க்காமலே சொன்னது போல் இருந்தது.

மூன்றாவதற்குக் கறுப்பு வாய்க்குழல், ஊடே சாம்பல் கோடுகள். மரத்தண்டுக்குள் செருகும் முளை உடைந்து உள்ளேயே நிற்கிறது.

நான்காவது பினாங்கு சுங்கான். பளபளவென்று சிவப்பும் மஞ்சளும் சுழித்த வாய்க்குழல். உள்ளே சிலந்தி வலை மாதிரி நுண்ணிய வெடிப்புகள் தெரிகின்றன.

எது என்ன பொருள்? உடைந்ததற்குப் புதிதாகச் செய்தால் எந்தப் பொருளில் செய்வது?


தேவகோட்டை கடைசல் எழுதியது:

தம்பி, முதலாவதில் சந்தேகமே இல்லை. அது எபோனைட். வல்கனைட் என்றும் சொல்வார்கள். பள்ளிக்கூட ஆய்வகத்தில் கம்பளியில் தேய்த்துக் காகிதத் துண்டை ஈர்க்க வைப்பார்களே, அந்தக் கறுப்புக் கோலும் இதுதான். இயற்கை ரப்பரில் கந்தகத்தை நிறையச் சேர்த்து நெடுநேரம் சூடாக்கினால் கொம்பு போல் இறுகிவிடும். சாதாரண ரப்பருக்குக் கந்தகம் சில சதவீதம் போதும். இதில் 25 முதல் 40 வரை போகும். நெல்சன் குட்இயர் 1851-இல் காப்புரிமை வாங்கிய சரக்கு இது. அந்தக் காலத்துப் பல்செட், பேனா, கிளாரினெட் ஊதுமுனை எல்லாம் இதில்தான் வந்தன. நம்மவர்கள் மலாயாவில் பணம் போட்ட ரப்பர்த் தோட்டங்களும் இந்தத் தொழிலுக்குப் பால் கொடுத்தவைதான்.

பச்சை ஏறுவதற்குக் காரணம் வெளிச்சமும் ஈரமும். சூரிய ஒளி பட்டதும் மேல்தோலில் உள்ள கந்தகம் பிரிந்து காற்றோடு சேர்கிறது. எச்சிலும் ஈரக்காற்றும் சேர்ந்தால் அது அமிலமாகிறது. உங்கள் நாக்குக்குத் தெரிந்த கசப்பு அதுதான். வெள்ளிப் பூண் கறுத்ததும் இதே கந்தகத்தால். பூணை எத்தனை தடவை துலக்கினாலும், பழுத்த எபோனைட்டைப் பக்கத்தில் வைத்திருக்கும்வரை மறுபடி கறுக்கும். எனவே வேலையை வாய்க்குழலில் தொடங்குங்கள், பூண் பிறகு.

கழற்றுவதற்கு முன்: இறுகியிருந்தால் பலம் காட்டாதீர்கள். உறைபெட்டியில் அரைமணி நேரம் வைத்து எடுங்கள். குளிரில் எபோனைட் மரத்தைவிடக் கூடுதலாகச் சுருங்கும். கிண்ணத்தைப் பிடிக்காமல், இரண்டும் சேரும் இடத்துக்கு அருகே மரத்தண்டைப் பிடித்து, வாய்க்குழலை ஒரே திசையில் மெல்லத் திருகுங்கள். புகைத்து முடித்த சூட்டோடு திருகுவதால்தான் பாதி முளைகள் உடைகின்றன. இந்த உறைபெட்டி வேலை மர சுங்கானுக்கு மட்டும். வெள்ளைக் கல்லுக்கு வேண்டாம்.

உள்துளைக்குப் பருத்தி சுற்றிய பைப் கிளீனரை 99 சதவீத ஐசோபுரொபைலில் நனைத்து, வெள்ளையாக வரும்வரை மாற்றி மாற்றி விடுங்கள். கைவினைக் கடையில் குழந்தைகளுக்கு விற்கும் பளபளப்புக் கம்பி வேண்டாம், உள்ளே கீறும். மருந்துக் கடை சர்ஜிகல் ஸ்பிரிட்டும் வேண்டாம். குடிக்க முடியாதபடி வேறு பொருள் கலந்தது அது, வாயில் படும் இடத்துக்கு ஆகாது.

வெளிப்புறத்துக்கு வெந்நீர் கூடவே கூடாது. பழுத்த எபோனைட் வெந்நீர் பட்டதும் இன்னும் பழுப்பாகும். வளைத்துச் செய்த குழலாக இருந்தால் நிமிர ஆரம்பிக்கும், ஏனென்றால் வார்த்த நேரத்து வடிவத்தை அது மறப்பதில்லை. பச்சைத் தண்ணீரும் கொஞ்சம் சோப்பும் போதும். துணி வெளுக்கும் பிளீச்சில் ஊறப்போடு என்று சிலர் சொல்வார்கள். பச்சை போகும், ஆனால் பரப்பு சொரசொரப்பாக அரிக்கப்பட்டிருக்கும், வெள்ளியும் கெடும்.

கார் பெயிண்ட் விற்கும் கடையில் வாட்டர் பேப்பர் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள், எண் கூடக் கூட நைசு) கிடைக்கும். 600, 1000, 1500, 2000 வாங்குங்கள். பழுப்பு மிகத் தடிப்பாக இருந்தால் மட்டும் 400. தண்ணீரில் தொட்டுத் தொட்டுத் தேயுங்கள். உலர்த்தித் தேய்த்தால் தூசி மூக்கில் ஏறும், சூட்டில் தாளும் அடைத்துக்கொள்ளும். 600-இல் நீளவாக்கில் தேய்த்தால் 1000-இல் குறுக்கே தேயுங்கள். முந்தைய கோடுகள் எல்லாம் மறைந்த பிறகே அடுத்த தாள். பச்சைத் தோலை முழுதும் எடுக்காமல் மேலே பாலிஷ் மட்டும் போட்டால் சில வாரத்தில் மறுபடி பழுக்கும்.

மரத்தோடு சேரும் விளிம்பை விரலால் உருட்டித் தேய்த்தால் அந்த விளிம்பு மழுங்கும், பிறகு பொருத்தும்போது இடைவெளி தெரியும். பழைய பிளாஸ்டிக் மூடியில் ஒரு வளையம் வெட்டி முளையில் மாட்டிவிட்டு, அதை ஒட்டித் தேயுங்கள். முத்திரையோ வெள்ளைப் புள்ளியோ இருந்தால் அந்த இடத்தில் தாள் படக்கூடாது. அங்கே விரலில் துணி சுற்றி ரப்பிங் காம்பவுண்ட் மட்டும். டன்ஹில் 1912-இல் வெள்ளைப் புள்ளி வைக்கத் தொடங்கியதே குழலின் மேல்பக்கம் எது என்று காட்டத்தான். புள்ளி போனால் அடையாளமே போச்சு.

துணிச் சக்கரத்தில் பாலிஷ் செய்தால் ஒரே இடத்தில் மூன்று நொடிக்கு மேல் நிறுத்தாதீர்கள். சூடேறிக் கந்தக வாசம் வந்தால் அந்த இடம் கருகத் தொடங்கிவிட்டது. கடைசியில் மருந்துக் கடை லிக்விட் பாரஃபின் இரண்டு சொட்டு தடவி, அரைமணி கழித்துத் துடைத்துவிடுங்கள். வெளிச்சம் படாமல் துணிப் பையில் வையுங்கள். முகப்பில் கண்ணாடி அலமாரியில் வைத்தால் மறுபடி பச்சைதான்.

பல் தடம் பதிந்திருந்தால் அதற்கு மட்டும் சூடு உதவும். துளைக்குள் பைப் கிளீனரை விட்டுவிட்டு, பல் பட்ட நுனியை மட்டும் 80, 85 டிகிரி தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் பிடியுங்கள். அமுங்கியது பெரும்பாலும் தானாக எழும். பழுப்பு எடுப்பதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும், ஏனென்றால் வெந்நீர் பட்ட இடம் எப்படியும் நிறம் மாறும். கிழிந்த இடம் எழாது. அதற்குக் கறுப்பு சூப்பர் குளூவோடு கரித்தூள் குழைத்து நிரப்பி, ஒரு நாள் விட்டு அரத்தால் ராவ வேண்டும்.


காரைக்குடி பழம்பொருள் எழுதியது:

இரண்டாவதைப் பற்றி. வெள்ளைக் கல் மீர்ஷாம், துருக்கியின் எஸ்கிஷெகிர்ப் பக்கம் வெட்டி எடுப்பது. தோல் உறையோடு வந்த மீர்ஷாமுக்கு அம்பர் வாய்க்குழல் இருப்பது வழக்கம்தான். ஆனால் தேன் நிறம் என்பதை மட்டும் வைத்து யாரும் அம்பர் என்று சொல்லக்கூடாது. அம்பரின் சிறு துண்டுகளைச் சூட்டில் அழுத்திச் செய்த அம்பராய்டு, 1907-க்குப் பிறகு வந்த பேக்கலைட், செல்லுலாய்டு, பால்புரதக் கேசீன் ஆகிய பழைய பிளாஸ்டிக்குகள் எல்லாம் அதே நிறத்தில் உண்டு.

உப்புத் தண்ணீர்ச் சோதனையை எல்லோரும் சொல்வார்கள், அளவைச் சொல்ல மாட்டார்கள். 200 மில்லி தண்ணீரில் 50 கிராம் தூள் உப்பை முழுக்கக் கரையுங்கள். அதன் அடர்த்தி 1.15 அளவில் இருக்கும். அம்பரின் அடர்த்தி 1.05 முதல் 1.10 வரை, ஆகவே மிதக்கும். அக்ரிலிக் 1.18, பேக்கலைட் 1.25-க்கு மேல், செல்லுலாய்டும் கேசீனும் அதற்கும் மேல். எல்லாம் மூழ்கும். கரைகிற மட்டும் உப்பைக் கொட்டினால் அடர்த்தி 1.2 ஆகிவிடும், அப்போது அக்ரிலிக்கும் மிதந்து ஏமாற்றும். பாலிஸ்டைரீனும் புதுக் குங்கிலியமும் இரண்டிலுமே மிதக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

முக்கியமான விஷயம்: உங்கள் வாய்க்குழலின் அடியில் எலும்புத் திருகு இருக்கும். அது அம்பரைவிட ஏறத்தாழ இரு மடங்கு கனம். திருகைக் கழற்றாமல் போட்டால் நல்ல அம்பரும் மூழ்கலாம். கழலவில்லை என்றால் விட்டுவிடுங்கள், இழுத்துக் கழற்றி உடைத்துவிடாதீர்கள்.

அப்போது வேறு வழி. கதர்த் துணியில் சூடேறும்வரை அழுத்தித் தேய்த்து உடனே முகருங்கள். அம்பரில் மெல்லிய குங்கிலிய வாசம் வரும். கற்பூர வாசம் வந்தால் செல்லுலாய்டு. கார்பாலிக் நெடி வந்தால் பேக்கலைட். பழுக்கக் காய்ச்சிய ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்வார்கள். செல்லுலாய்டு குப்பென்று தீப்பிடிக்கும், கண்ணுக்கு முன்னால் வைத்துச் செய்யும் வேலையல்ல அது. காகிதத்தை ஈர்க்கிறதா என்ற சோதனையும் பயனில்லை. அம்பர், எபோனைட், அக்ரிலிக் மூன்றுமே ஈர்க்கும்.

இருட்டறையில் கள்ள நோட்டுப் பார்க்கும் புற ஊதா டார்ச்சைப் பிடியுங்கள். அம்பர் நீலமாகவோ வெளிர்பச்சையாகவோ ஒளிரும். பேக்கலைட் பொதுவாக மங்கித்தான் இருக்கும். ரங்கூனிலிருந்து வந்தது என்பதால் சொல்கிறேன்: பர்மாவிலேயே ஹூக்காங் பள்ளத்தாக்கில் அம்பர் எடுக்கிறார்கள், அது பால்டிக் அம்பரைவிடச் சற்றுக் கடினம், ஒளிர்வும் பலம். ஆனால் மீர்ஷாமோடு சேர்ந்து வந்ததென்றால் ஐரோப்பாவில் பூட்டிய பால்டிக் அம்பராக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். பூதக்கண்ணாடியில் குமிழிகள் எல்லாம் ஒரே திசையில் நீண்டு கிடந்தால் அழுத்திச் செய்த அம்பராய்டு.

அம்பர் என்று உறுதியானால் செய்ய வேண்டியது மிகக் குறைவு. ஸ்பிரிட் தொடாதீர்கள், சூடு காட்டாதீர்கள், ஈரத் துணியால் துடைத்து உடனே உலர்த்துங்கள். ஆத்தங்குடிக் கல் தரையில் விழுந்தால் சில்லுசில்லாகும், ஒட்டினாலும் கோடு தெரியும். ஆகவே மெத்தை விரித்த மேசையில் வைத்துக் கையாளுங்கள்.

இன்னொன்று. வெளுத்த, ஒளி புகாத வாய்க்குழல் எதையும் எலும்பு என்று முடிவுகட்டாதீர்கள். வெட்டு முகத்தில் குறுக்கும் நெடுக்குமாக வைரக் கட்டம்போல் கோடு இருந்தால் தந்தம். கறுப்புப் புள்ளிகளும் சிறு கீற்றுகளும் இருந்தால் எலும்பு. தந்தத்தை விற்பதும் வாங்குவதும் 1972-ஆம் ஆண்டு காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், பரம்பரையாக வந்தது என்பது விலக்காகாது. நூறு வருடம் தாண்டிய எந்தச் சுங்கானும் தொல்பொருள் சட்டத்துக்குள் வரக்கூடியது. வெளிநாட்டில் இருக்கும் உறவினருக்கு அனுப்புவதற்கு முன் தொல்லியல் துறையில் கேளுங்கள்.


புதுவயல்_அக்ரிலிக் எழுதியது:

நான்காவது அக்ரிலிக். சிலந்தி வலை வெடிப்புக்குக் காரணம் ஸ்பிரிட். யாரோ உள்துளையை ஸ்பிரிட் நனைத்த கம்பியால் சுத்தம் செய்திருக்கிறார்கள். துளையிடும்போது ஏறிய இறுக்கம் அக்ரிலிக்குக்குள் அப்படியே தங்கியிருக்கும், ஸ்பிரிட் பட்டதும் அந்த இடம் நுண்ணியதாக வெடித்துவிடும். திரும்பச் சரியாகாது. இனிமேலாவது சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் மட்டும் விடுங்கள். நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோன் பட்டால் பரப்பே கரையும்.

உடைந்ததற்குப் புதிதாகச் செய்தால் எபோனைட்தான் என்று போக வேண்டியதில்லை. நம் ஊர் வெயிலுக்கு அக்ரிலிக் எவ்வளவோ மேல். பச்சை ஏறாது, கசக்காது, வெள்ளியைக் கறுக்க வைக்காது, அலமாரியில் வருடக்கணக்கில் அப்படியே நிற்கும். காட்சிக்கு வைக்கும் பொருளுக்கு இதைவிட என்ன வேண்டும்? குறை என்னவென்றால் பல்லுக்குக் கடினம். பல்செட்டே அக்ரிலிக்தானே, இரண்டும் உரசினால் டக் டக்கென்று கேட்கும். வளைப்பதற்கு எபோனைட்டைவிடக் கூடுதல் சூடு வேண்டும், 105 டிகிரிக்குக் கீழே இளகாது.


தேவகோட்டை கடைசல் எழுதியது:

புதுவயல் தம்பி சொல்வது புதுச் சுங்கானுக்குப் பொருந்தும், மறுக்கவில்லை. எபோனைட் காலத்துச் சுங்கானில் அக்ரிலிக்கைப் பூட்டினால் பார்ப்பவர் கண்ணுக்கு உடனே உறுத்தும். அதன் பளபளப்பு வேறு, விளிம்பின் கூர்மை வேறு. பொருள் பழையது என்றால் பழுதும் அந்தக் காலத்துச் சரக்கில் இருப்பதுதான் நியாயம்.

இனி மூன்றாவது. கறுப்பில் சாம்பல் கோடு ஓடுவது எருமைக் கொம்பு. நுனியில் துளி சுரண்டி அந்தத் தூளை நெருப்பில் காட்டுங்கள், முடி கருகும் நாற்றம் வந்தால் கொம்பேதான். கொம்பு என்றால் புதிதாகச் செய்யவே வேண்டாம். முளையை மட்டும் மாற்றுங்கள், பழைய வாய்க்குழல் பிழைக்கும்.

உள்ளே நிற்கும் துண்டை எடுக்கும்போது அவசரம் ஆகாது. எபோனைட் முளையாக இருந்தால் சூடாக்கிய மரத் திருகை அதன் துளையில் இரண்டு சுற்று விட்டு, ஆறியதும் இழுத்தால் வந்துவிடும். கொம்பில் அப்படிச் செய்தால் திருகு ஆப்பாக வேலை செய்து மரத்தண்டைப் பிளக்கும். கையால் திருப்பும் பிடியில் 4.5, 5, 5.5 மில்லிமீட்டர் என்று துளையூசியை ஏற்றிக்கொண்டே போங்கள். சுவர் மெலிந்ததும் மிச்சத்தைக் கூர்ந்த கொக்கியால் உள்பக்கமாக மடக்கி எடுங்கள். மின்சாரத் துளைக்கருவி வேண்டாம்.

வாய்க்குழலில் உடைந்த முகத்தைக் கண்ணாடி மேல் ஒட்டிய 400 தாளில் செங்குத்தாகத் தேய்த்துத் தட்டையாக்குங்கள். பழைய காற்றுத் துளையைப் பின்பற்றியே 4-இலிருந்து 6 மில்லிக்கு அரை அரை மில்லியாகப் பெருக்குங்கள், ஆழம் 10 முதல் 12 மில்லி. புது முளைக்கு டெல்ரின் என்ற கெட்டியான பிளாஸ்டிக் கம்பி நல்லது, வழுக்கும், எளிதில் உடையாது. வழுக்குகிற காரணத்தாலேயே பசையும் பிடிக்காது. கொம்புக்குள் போகும் பகுதியில் அரை மில்லி ஆழத்துக்கு நாலைந்து வளையக் கோடுகள் கடைந்துவிட்டால் எபாக்ஸி அந்தக் கோடுகளில் இறுகிப் பூட்டுபோல் பிடிக்கும். ஐந்து நிமிடப் பசை வேண்டாம், 24 மணி நேரப் பசை. வாசலின் தடவிய பைப் கிளீனரைத் துளையில் விட்டுவைத்தால் பசை காற்று வழியை அடைக்காது.

மரத்துக்குள் போகும் பகுதியை வெர்னியரில் அளந்து 0.05 மில்லி கூடுதலாகக் கடையுங்கள், பிறகு 1000 தாளில் தேய்த்துத் தேய்த்துப் பொருத்திப் பாருங்கள். நீளம் குழியின் ஆழத்தைவிட அரை மில்லி குறைவாக இருக்கட்டும். அதிகமானால் வாய்க்குழலின் தோள் (முளை தொடங்கும் இடத்து அகன்ற விளிம்பு) மரத்தில் உட்காராது. மிகக் குறைந்தால் அந்த இடைவெளியில் ஈரம் தேங்கும்.

கொம்பை ஒருபோதும் ஊறப்போடாதீர்கள், தண்ணீர் குடித்து உப்பி அடுக்கடுக்காகப் பிரியும். பூச்சியும் அரிக்கும். அதற்காக அந்துருண்டையை நான்கு சுங்கான்களோடும் சேர்த்து வைக்காதீர்கள், சில பிளாஸ்டிக்குகளை அது இளக்கிவிடும். கொம்பைத் தனியாக வைத்து மாதம் ஒரு முறை எடுத்துப் பார்த்தால் போதும்.


கோட்டையூர் வளவு எழுதியது:

மிக்க நன்றி. மூன்றாவதன் தூளில் முடி கருகும் நாற்றம் வந்தது. மீர்ஷாமின் எலும்புத் திருகு கழலவில்லை, அதனால் தண்ணீரில் போடவில்லை. துணியில் தேய்த்தால் குங்கிலிய வாசம் லேசாக வருகிறது. டார்ச்சில் வெளிர்நீலம். ஆனால் பூதக்கண்ணாடியில் குமிழிகள் நீளவாக்கில் கிடக்கின்றன. அப்படியானால்? இன்னொன்று, திருகி முடித்தால் வாய்க்குழல் கொஞ்சம் சாய்ந்து நிற்கிறது.


காரைக்குடி பழம்பொருள் எழுதியது:

வாசமும் ஒளிர்வும் அம்பர், குமிழி மட்டும் அழுத்தியது என்றால் அம்பராய்டு. அதுவும் அம்பர்தான், சிறு துண்டுகளைச் சேர்த்து அழுத்தியது. மதிப்பு முழுக்கட்டி அம்பரைவிடக் குறைவு. விற்பவர் யாராக இருந்தாலும் அதை அம்பராய்டு என்றே சொல்லி விற்க வேண்டும். பராமரிப்பு இரண்டுக்கும் ஒன்றே.

சாய்வதற்குக் காரணம் எலும்புத் திருகின் புரி தேய்ந்து, குழல் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிச் சுற்றுவது. இறுக்கித் திருப்பி நேராக்கப் பார்க்காதீர்கள், கல்லில் உள்ள புரி நொறுங்கும். திருகின் மேல் தேன்மெழுகை மிக மெல்லிசாகப் பூசிப் பொருத்துங்கள். போதவில்லை என்றால் தோளுக்கும் கல்லுக்கும் இடையே மெல்லிய தோலில் ஒரு வளையம் வெட்டி வையுங்கள். கால் சுற்றுக்கு மேல் சாய்ந்தால் மட்டும் புரியை மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம்.


புதுவயல்_அக்ரிலிக் எழுதியது:

படித்துவிட்டு யாராவது புகைக்க எடுப்பார்கள் என்பதால் ஒரு வரி: எந்தப் பொருளில் வாய்க்குழல் போட்டாலும் புகையிலை வாய்ப் புற்றைத் தரும் என்பதில் மாற்றமில்லை.

கோட்டையூர் அண்ணே, நான்காவதை வெளிப்புறம் 2000 தாளில் தொட்டுவிட்டு, துணியில் பாலிஷ் போட்டால் பளபளப்பு திரும்பும். உள் வெடிப்பு அப்படியே இருக்கும், ஆனால் புதிதாக ஸ்பிரிட் படாதவரை பரவாது. துளைக்குள் கம்பி விடும்போது வளைவான இடத்தில் அழுத்தாதீர்கள், வெடிப்பு உள்ள அக்ரிலிக் அந்த இடத்தில்தான் உடையும்.